இஞ்ச் டேப்பை எடுங்கள்
எடை, கேலி, உடல்நலம்: வாசகர் கேள்வி - பதில்

உடல் எடை குறித்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோயைப் பற்றியவை அல்ல, பேச்சைப் பற்றியவை. ‘குண்டு’, ‘நோஞ்சான்’, ‘அரிசி மூட்டை’, ‘ஒல்லிப்பிச்சான்’ என்று வீட்டிலும் வெளியிலும் கேட்ட சொற்களோடுதான் கேள்வியே தொடங்குகிறது. பொது மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

எனக்கு 33 வயது. உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ, இடுப்பளவு 88 செ.மீ. தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். என் கணவருக்கு 41 வயது, 170 செ.மீ., 64 கிலோ. அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சி கிடையாது. விசேஷ வீடுகளில் எல்லோரும் ‘அவரைப் பார், எப்படி கட்டுக்கோப்பாக இருக்கிறார்’ என்று என்னைக் கேலி செய்கிறார்கள். என் அப்பாவுக்கும் மாமியாருக்கும் சர்க்கரை நோய் உண்டு. நான் எவ்வளவு பயப்பட வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

முதலில் உங்கள் கணவரின் இடுப்பை அளந்து பாருங்கள். பேன்ட் அளவு கணக்கில் வராது. வயிற்றுக்குக் கீழே பேன்ட்டை இறக்கிக் கட்டும் ஆண்கள் ‘எனக்கு 34தான்’ என்பார்கள். தொப்பைக்கு மேல் அளந்தால் 37 அங்குலம் இருக்கும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு, இரண்டையும் பக்கவாட்டில் விரலால் தொட்டுப் பார்த்து நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். துணியை விலக்கி, அந்த உயரத்தில் தரைக்கு இணையாக டேப்பைச் சுற்ற வேண்டும். இயல்பாக மூச்சு விட்டு முடித்ததும் அளவைப் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது, டேப் தோலில் பதியும்படி இறுக்கவும் கூடாது. இந்தியர்களுக்கு எல்லை ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ.

சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005இல் வெளியிட்ட ‘இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்’ என்ற கணக்கை வீட்டிலேயே போடலாம். அதில் நான்கே கேள்விகள். வயது: 35க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50 முதல் 30. இடுப்பளவு: பெண்களுக்கு 80க்குக் கீழ் 0, 80 – 89க்கு 10, 90 முதல் 20, ஆண்களுக்கு 90க்குக் கீழ் 0, 90 – 99க்கு 10, 100 முதல் 20. உழைப்பு: உடற்பயிற்சியும் கடின வேலையும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம், 30 முதல் 50 வரை நடுத்தரம்.

உங்களுக்கு 0, 10, 20, 10. ஆக 40. உங்கள் கணவரின் இடுப்பு 93 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 20, 10, 30, 10. ஆக 70. இடுப்பு 90க்குக் கீழே இருந்தாலும் அவருக்கு 60. முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் அவர். இந்தக் கணக்கில் எடை என்ற கேள்வியே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒல்லியானவருக்கு இது எப்படி வரும் என்று கேட்பீர்கள். 2004இல் ‘லான்செட்’ இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களுக்கு அதே எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பது வழக்கம். அது வயிற்றுக்குள் கல்லீரலைச் சுற்றிச் சேர்வதால் சட்டைக்கு வெளியே தெரிவதில்லை.

உங்கள் பி.எம்.ஐ. 28.4. இந்திய வரையறையில் 25க்கு மேல் உடல் பருமன் என்றுதான் கணக்கு. அதை மறைத்துச் சொல்வது உங்களுக்கு நல்லதல்ல. வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கொழுப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். எச்.பி.ஏ.1.சி. 5.7க்குக் கீழே இருக்கும்வரை அவசரம் ஏதுமில்லை. எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ, ஆறு மாதத்தில் குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் மேம்படும். நடையை விடாதீர்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியையும் சேருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, இரண்டையும் மூன்று சுற்று.

என் மகளுக்கு 13 வயது. கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருக்கிறது. பாட்டி ‘ஒழுங்காகக் குளிப்பதில்லை’ என்று திட்டி, எலுமிச்சையும் பீர்க்கங்காய் நாரும் வைத்துத் தேய்க்கிறார். வகுப்பில் ‘அழுக்குக் குண்டு’ என்று கூப்பிடுகிறார்களாம். பள்ளிக்குப் போக மறுக்கிறாள்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அது அழுக்கு அல்ல. ரத்தத்தில் இன்சுலின் அளவு கூடும்போது தோல் செல்கள் வேகமாகப் பெருகி, கழுத்து, அக்குள், விரல் முட்டிகளில் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுக்கும். மருத்துவத்தில் இதன் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். நார் போட்டுத் தேய்த்தால் தோல் புண்ணாகி இன்னும் கறுக்கும். எலுமிச்சைச் சாறு எரிச்சல் தரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். பாட்டிக்கு நம்பிக்கை வர, ஊசி போடும்முன் துடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒருமுறை மெதுவாகத் துடைத்துக் காட்டுங்கள். கறுப்பு அப்படியே இருக்கும்.

உங்கள் மகள் சுத்தமாகத்தான் இருக்கிறாள் என்பதை பாட்டியும் கேட்கும்படி, அவளிடமே சொல்லுங்கள். மற்ற எந்தச் சிகிச்சைக்கும் முன்பு செய்ய வேண்டியது இதுதான்.

அடுத்து குழந்தைகள்நல மருத்துவர். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி., கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார். மாதவிடாய் தொடங்கியிருந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள், பி.சி.ஓ.எஸ். (மாதவிடாயைத் தள்ளிப்போடும் சினைப்பை ஹார்மோன் கோளாறு) உள்ள பெண்களிடமும் இந்தக் கறுப்பு காணப்படும். 18 வயதுக்குக் கீழே பெரியவர்களின் பி.எம்.ஐ. எல்லைகள் பொருந்தாது. இந்தியக் குழந்தைகள்நல மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பப் புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் அவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு வேண்டாம். அண்ணனுக்கு நான்கு தோசை, இவளுக்கு இரண்டு என்று வைத்தால், குளிர்சாதனப் பெட்டியை ராத்திரியில் திறக்கத்தான் பழகுவாள். எல்லோருக்கும் ஒரே மாற்றம்: பாட்டில் குளிர்பானமும் டப்பா ஜூஸும் வீட்டுக்குள் வரக்கூடாது, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், மதியத் தட்டில் பாதி காய், கால் பங்கு சாதம், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு. தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ‘எடையைக் குறை’ என்ற பேச்சே வேண்டாம். உயரம் கொஞ்சம் கூடும் வயது இது, எடை ஏறாமல் நின்றாலே பல குழந்தைகளுக்குப் போதும். இன்சுலின் இறங்கினால் கறுப்பும் சில மாதங்களில் மங்கும்.

கேலி செய்தால் உறைத்துத் திருந்துவாள் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், அவர்களுக்கு மற்றவர்களைவிட எடை கூடுதலாக ஏறியதுதான் தெரியவந்தது. வெட்கத்தில் விளையாட்டு மைதானத்துக்குப் போவதை நிறுத்துகிறார்கள், ஒளிந்து சாப்பிடுகிறார்கள்.

வகுப்பாசிரியரிடம் வாயால் சொன்னால் மறந்துபோகும். யார், எந்த நாள், எந்தச் சொல் என்று எழுதிக் கொடுங்கள். பள்ளியில் எடை பார்க்கும்போது எண்ணைச் சத்தமாக வாசிக்காமல், ஒவ்வொருவராகத் தனியே நிறுத்திக் குறித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது, மாதவிடாய் நின்றுபோவது ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

வயது 24, உயரம் 168 செ.மீ., எடை 49 கிலோ. பெண் பார்க்கப் போனால் ‘காற்றடித்தால் பறந்துவிடுவான்’ என்கிறார்கள். தெரிந்தவர் கொடுத்த எடை கூட்டும் மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். முகம் நன்றாக உப்பியிருக்கிறது. தொடரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

தொடரக் கூடாது. ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பெயர் தெரியாத இத்தகைய மாத்திரை, பொடிகளில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலப்பது உண்டு. பசி எடுக்கும், முகம் வட்டமாகும். அது நீரும் கொழுப்பும்; தசை அல்ல, உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டால் உடலின் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தி உறங்கிப்போகும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம், வாந்தி, உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையோடு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். அதுவரை கடும் சோர்வோ வாந்தியோ வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஸ்டீராய்டு சந்தேகம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உங்கள் பி.எம்.ஐ. 17.4; இயல்பான எடைக்குக் கீழ் எல்லை 18.5. சிறுவயதிலிருந்தே இப்படித்தான், அப்பாவும் இப்படித்தான் என்றால் பெரும்பாலும் பயமில்லை. சமீபத்தில் இளைத்திருந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் மூன்றையும் பார்க்க வேண்டும். எடை கூட்ட இப்போது சாப்பிடுவதற்கு மேல் நாளுக்கு 400 கலோரி போதும்: ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வேர்க்கடலையில் 170, ஒரு வாழைப்பழத்தில் 100, ஒரு டம்ளர் பாலில் 130. கூடவே வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி வேண்டும், இல்லாவிட்டால் ஏறுவது தொப்பைதான். மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறினால் சரியான வேகம். பயிற்சியை மருத்துவரின் அனுமதிக்குப் பிறகு தொடங்குங்கள்.

குழந்தை பிறந்து ஐந்து மாதம். ‘இன்னும் வயிறு வற்றலையா, துணி கட்டலையா’ என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
– வாசகி, சேலம்

துணி கட்டுவது பிடிமானமாக இருக்கும், கொழுப்பைக் கரைக்காது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கித் தலையை மட்டும் தூக்குங்கள். தொப்புள் பக்கம் நடுவே இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுந்தால் வயிற்றுத் தசைகள் விலகியிருக்கின்றன. பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள், அவரைக் கேட்காமல் வயிற்றுக்கான சிட்-அப் பயிற்சி வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கும்போது பட்டினி கூடாது.

எனக்கு 92 கிலோ. காய்ச்சல் என்று போனாலும் முழங்கால் வலி என்று போனாலும், ‘முதலில் எடையைக் குறையுங்கள்’ என்ற ஒரே பதில். பி.பி.யும் அதிகம் என்று பயமுறுத்துகிறார்கள். மருத்துவமனைக்குப் போவதையே விட்டுவிட்டேன்.
– வாசகி, சென்னை

போவதை விட்டுவிட்டீர்களே, அதுதான் எடையைவிடக் கவலை தருகிறது. இப்படிப் பேசுவது எங்கள் தொழிலின் குறை.

பி.பி.யை முதலில் சரிபார்ப்போம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மேற்கையைச் சுற்றி அளந்து பாருங்கள். பி.பி. பார்க்கக் கட்டும் வழக்கமான கைப்பட்டை (கஃப்) 34 செ.மீ. வரைதான் பொருந்தும். அதற்கு மேல் பருத்த கையில் அதையே கட்டினால் அழுத்தம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் அளவில் சுமார் 20 புள்ளி வரை கூடுதலாகக் காட்டலாம். எந்தச் சுற்றளவுக்கு என்று பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். ‘பெரிய கஃப் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். 2019 – 21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். பெரிய பட்டை வாங்கி வைக்காதது மருத்துவமனையின் குறை, உங்கள் கையின் குறை அல்ல.

முழங்காலுக்கும் எடைக்கும் தொடர்பு உண்டு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டில் விழும் சுமை நான்கு கிலோ குறையும். ஆனால் எடை குறையும்வரை வலிக்கு எதுவும் செய்யாமல் அனுப்புவது வைத்தியமாகாது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, 5 எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். ஒரு காலுக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம். மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘டாக்டர், எடை குறைவான ஒருவர் இதே வலியோடு வந்தால் என்ன பரிசோதனை எழுதுவீர்கள்? அதை எனக்கும் எழுதுங்கள்.’ பெரும்பாலானவர்கள் அதன்பிறகு காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். பார்க்கவில்லையென்றால் வேறு மருத்துவரைத் தேடுவதில் தவறில்லை.

விசேஷங்களில் பெரியவர்கள் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது எதிர்த்துப் பேசவும் முடியவில்லை, கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. என்னதான் சொல்வது?
– வாசகர், ஈரோடு

குட்டையாக ஒரு வாக்கியம், உடனே பேச்சை மாற்றுங்கள். ‘அதை டாக்டரிடம் பேசிக்கிறேன் பெரியம்மா. உங்க முட்டி வலி எப்படி இருக்கு?’ இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கினால் டயட் யோசனைகள் வரிசை கட்டும். சொல்லப்படுவது ஒரு குழந்தையை என்றால் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்த இடத்திலேயே, குழந்தை கேட்க, ‘மாமா, அவ உடம்பைப் பத்திப் பேச வேண்டாம்’ என்று சொல்லுங்கள்.

உடம்பைப் பற்றி நீங்களே சொல்லியாக வேண்டிய சமயமும் ஒன்று உண்டு. ஒருவர் எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் 5 சதவீத எடை இழந்திருந்தால் (60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ) சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய் வரை பார்க்க வேண்டும். பந்தியில் எல்லோர் முன்னாலும் ‘என்ன, இப்படி இளைச்சுட்டே?’ என்று கேட்டால் அவர் சிரித்து மழுப்பிவிடுவார். மறுநாள் போனில், ‘சித்தப்பா, சட்டை தொளதொளன்னு இருக்கிற மாதிரி தெரிஞ்சுது. சாப்பாடு இறங்குதா? ராத்திரி காய்ச்சல் ஏதும் வருதா? நாளைக்கு நான் லீவுதான், ஆஸ்பத்திரிக்குக் கூட வரட்டுமா?’ என்று கேளுங்கள்.