ரோடு பைக்குக்கு வேகமான டியூப்லெஸ் டயர் வாங்கும்போது எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வி: 25 மி.மீ. டயரில் டியூப் போட்டு ஓட்டுகிறீர்கள். வேகமான டியூப்லெஸ் டயருக்கு மாற வேண்டும். எந்த பிராண்டு, எந்த அளவு?

பிராண்டைக் கடைசியாகப் பார்க்கலாம். உங்கள் ரிம் எந்த டயரை ஏற்கும், உங்கள் ஃபிரேமில் எவ்வளவு அகலம் நுழையும் என்ற இரண்டும் தெரிந்தாலே முக்கால்வாசி முடிவு ஆகிவிடும். இதைப் பார்க்காமல் விமர்சனங்களைப் படித்து டயர் வாங்குபவர்கள்தான் பிறகு "டியூப்லெஸ் வெறும் தொல்லை" என்று சொல்லி டியூபுக்கே திரும்புகிறார்கள்.

ரிம்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 622×21 என்பது போல இருக்கும். 622 என்பது டயரின் பீடிங், அதாவது ரிம்மில் உட்காரும் கெட்டியான ஓர விளிம்பு, உட்காரும் இடத்தின் விட்டம், மி.மீ. கணக்கில். 700சி என்று சொல்வதும் இதைத்தான். 21 என்பது ரிம்மின் உள் அகலம். ஸ்டிக்கர் இல்லையென்றால் டயரைக் கழற்றி, இரண்டு சுவர்களுக்கும் நடுவே வெர்னியர் வைத்து அளந்துவிடலாம். டயரைக் கழற்றியிருக்கும்போதே ரிம் சுவரின் உள்பக்க மேல் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். உள்நோக்கி ஒரு சிறு கொக்கி தட்டுப்பட்டால் அது ஹுக் வைத்த ரிம். சுவர் நேராக, வழவழப்பாக இருந்தால் ஹுக்லெஸ். நடுவில் ஒரு பள்ளம், அதன் இருபுறமும் பீடிங் உட்காரத் தட்டையான மேடை, மேடையின் உள் ஓரத்தில் சிறு திட்டு என்று இருந்தால் அது டியூப்லெஸுக்காகவே செய்த ரிம். இந்த அமைப்பு இல்லாத சாதாரண ரிம்மில் டேப் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று மவுண்டன் பைக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் ஓட்டுவது 20, 25 பிஎஸ்ஐயில். ரோடு பைக்கில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் இருக்கும். வேண்டாம்.

ஹுக்லெஸ் ரிம்மாக இருந்தால் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்றிலும் சமரசம் கூடாது. ஒன்று, டயர் டியூப்லெஸ் வகையாக இருக்க வேண்டும், ஹுக்லெஸுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்க வேண்டும். கான்டினென்டல் நிறுவனத்தின் பழைய ஜிபி5000 டிஎல் டியூப்லெஸ்தான், ஆனால் ஹுக்லெஸுக்கு ஆகாது. 2021இல் வந்த ஜிபி5000 எஸ் டிஆர் ஆகும். பெயரில் இரண்டு எழுத்துதான் மாறியிருக்கிறது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு, அழுத்தம் 5 பாரைத் தாண்டக் கூடாது, அதாவது 72.5 பிஎஸ்ஐ. டயரில் அதற்கு மேல் எண் போட்டிருந்தாலும் ரிம்மின் வரம்புதான் செல்லும். மூன்று, டயரின் குறைந்தபட்ச அகலம். 25 மி.மீ. உள் அகலம் உள்ள ஹுக்லெஸ் ரிம்முக்கு 29 மி.மீ.க்குக் குறையாத டயர் வேண்டும் என்கிறது டயர், ரிம் அளவுகளுக்குத் தரம் வகுக்கும் ஐரோப்பிய அமைப்பான ஈடிஆர்டிஓ. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் சைக்கிள் பந்தயத்தில் தாமஸ் டி ஜென்ட் என்ற வீரர் விழுந்தபோது, 25 மி.மீ. ஹுக்லெஸ் ரிம்மிலிருந்து 28 மி.மீ. டயர் கழன்று வந்தது. கல்லில் மோதியதில்தான் அது தொடங்கியது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். எப்படியிருந்தாலும் எல்லைக் கோட்டில் நிற்கும் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் இல்லை. கிடைக்குமானால் ஹுக் வைத்த ரிம்மே மேல் என்பது என் கருத்து. டயர் தெரிவும் கூடும், அழுத்தத்தில் கொஞ்சம் இடமும் இருக்கும்.

அடுத்தது அகலம். டியூப்லெஸில் 25 மி.மீ.யை நான் பரிந்துரைப்பதில்லை. சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்க டயருக்குள் விடும் திரவம், வேலை செய்யும் விதம்தான் காரணம். டயரில் முள் ஏறியதும் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பால் ஓட்டை வழியாக வெளியேறும்போதே உறைந்து அடைக்க வேண்டும். 80 பிஎஸ்ஐயில் அது உறைவதற்குள் பீய்ச்சியடித்துப் போய்விடும். 40, 50 பிஎஸ்ஐ வரை இறங்கிய பிறகுதான் அடைபடும், சில நேரம் அதுவும் நடக்காது. 60 பிஎஸ்ஐயில் அதே ஓட்டை ஓரிரு சுற்றில் மூடிக்கொள்ளும். அகல டயருக்குக் குறைந்த அழுத்தம் போதும், குறைந்த அழுத்தத்தில் சீலன்ட் ஒழுங்காக வேலை செய்யும். எனவே ரோடு பைக்கில் டியூப்லெஸின் பலன் 28 மி.மீ.யில் தொடங்குகிறது, 30லும் 32லும் முழுதாகக் கிடைக்கிறது. ரிம் பிரேக் வைத்த பழைய ஃபிரேமில் 25க்கு மேல் நுழையாது என்றால், நல்ல சாதாரண டயரும் லேட்டக்ஸ் டியூபும் போட்டு ஓட்டுங்கள். உருளும் எதிர்ப்பில் அது டியூப்லெஸுக்கு ஏறக்குறைய சமம். வேக வித்தியாசம் பெரிதாகத் தெரிவது வழக்கமான பியூட்டைல் டியூபோடு ஒப்பிடும்போதுதான்.

டயரில் எழுதியிருக்கும் அகலமும் ஏற்றிய பிறகு அளக்கும் அகலமும் ஒன்றாக இருக்காது. ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயர் சுமார் 0.4 மி.மீ. விரியும். 19 மி.மீ. ரிம்மில் 28 காட்டும் டயர் 25 மி.மீ. ரிம்மில் 30ஐத் தாண்டும். ஏற்றிய முதல் சில நாளில் கேசிங், அதாவது ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் அடுக்கு, இன்னும் கொஞ்சம் தளரும். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டயரைச் சுற்றி எல்லாப் பக்கமும் 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். பெடல் அழுத்தத்தில் சக்கரம் வளையும், மண்ணும் சிறு கல்லும் ஒட்டி வரும். இடம் போதாவிட்டால் கார்பன் ஃபிரேமை டயரே அரைத்துவிடும். ஆழமான ஏரோ ரிம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம்: ரிம்மின் வெளி அகலம் டயரின் அளந்த அகலத்தில் 105 சதவீதமாவது இருந்தால் காற்று பிரியாமல் வழுக்கிப் போகும். இது முன் சக்கரத்துக்குத்தான் முக்கியம். சாதாரண ரிம்மில் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இப்போது டயர். ஒரு டயரின் குணத்தை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: கேசிங்கின் நூல், மேல் ரப்பரின் கலவையும் தடிமனும், நடுவில் இருக்கும் பஞ்சர் தடுப்புப் பட்டை. டிபிஐ எண்ணை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்ற கணக்கை, மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கான்டினென்டல் தன் டயர்களில் அடுக்குகளைக் கூட்டி எழுதுகிறது. 330 என்றால் 110 நூல் கொண்ட மூன்று அடுக்கு, எஸ் டிஆரின் 220 என்றால் இரண்டு அடுக்கு. விட்டோரியா கோர்சா ப்ரோவின் 320 மெல்லிய பருத்தி நூல். இந்த இரண்டு எண்களும் ஒரே அளவுகோல் அல்ல.

ஒரே ஜோடியை வைத்து ஆண்டு முழுக்க ஓட்டுபவருக்கு என் முதல் தேர்வு ஜிபி5000 எஸ் டிஆர். வேகம், ஈரத்தில் பிடிப்பு, ஆயுள் மூன்றும் ஓரளவு சேர்ந்து வருவது அதில்தான். பக்கச்சுவர் மெல்லியது என்பது அதன் குறை. கூர்மையான சரளையில் கிழியும். சாலை மோசம், அடிக்கடி மழை என்றால் அதே வரிசையின் ஏஎஸ் டிஆர் வாங்குங்கள், சில வாட் போனாலும் பரவாயில்லை. கோர்சா ப்ரோ ஓட்டத்தில் மிக மென்மை, ஆனால் பருத்தி கேசிங் வெட்டுக்குச் சீக்கிரம் பணியும், விரைவில் தேயும். பந்தய நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஷ்வால்பே ப்ரோ ஒன், பிரெல்லி பி ஜீரோ ரேஸ் இரண்டும் தினசரி ஓட்டத்துக்குத் தகுந்தவை. பெயரில் டிடி (TT, தனியாக நேரத்தோடு போட்டியிடும் டைம் டிரையல் பந்தயத்துக்கானது) என்று வரும் டயர்களில் ரப்பரும் பட்டையும் மிக மெல்லியவை. தினமும் ஓட்ட அவை வேண்டாம்.

வேகத்தில் எவ்வளவு வித்தியாசம்? உருளையில் 42.5 கிலோ சுமையோடு மணிக்கு 29 கி.மீ.யில் ஓட்டிப் பார்க்கும் சோதனைகளில் நல்ல பந்தய டயர் ஒன்று 8 முதல் 10 வாட் தின்னும். கெட்டியான பயிற்சி டயர் 15ஐத் தாண்டும். ஒரு ஜோடிக்குப் பத்து வாட் மிச்சம் என்றால், சைக்கிளில் வேறு எந்தப் பாகத்தை மாற்றியும் இவ்வளவு எளிதில் கிடைக்காது. எடையில் மட்டும் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். 28 மி.மீ. டியூப்லெஸ் டயர் 280 கிராம் அளவில் இருக்கும். சீலன்ட், வால்வு, டேப் சேர்த்தால் டியூப் போட்ட டயரின் எடைக்கே வந்து நிற்கும்.

காற்று எவ்வளவு வைப்பது என்பதில்தான் பலரும் பழைய பழக்கத்தை விடுவதில்லை. 75 கிலோ எடையுள்ளவர், 8 கிலோ சைக்கிள், 21 மி.மீ. ரிம் என்றால் 28 மி.மீ. டயரில் முன்னால் 62, பின்னால் 66 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். 30 மி.மீ. என்றால் 55, 59. 32 என்றால் 50, 53. எடை 5 கிலோ கூடினால் 2, 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள். இந்த அகலங்களெல்லாம் அளந்து பார்த்த அகலம், டயரில் எழுதியிருப்பது அல்ல. கரடுமுரடான சாலையில் அழுத்தம் கூடினால் சக்கரம் துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் உங்கள் உடம்பைக் குலுக்கி சக்தியை வீணாக்கும். குறைந்துபோனால் குழியில் ரிம் தட்டும், வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும். பம்ப்களின் மானிகள் ஒன்றுக்கொன்று சில பிஎஸ்ஐ வேறுபடும். எப்போதும் ஒரே பம்பையே பயன்படுத்துங்கள்.

டயரை ஏற்றுவதில் பாதித் தொல்லை, ரிம்மின் ஸ்போக் துளைகளை மூட ஒட்டும் டேப்பிலிருந்து வருகிறது. ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலமான டேப் வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ரிம்மை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டி, வால்வு ஓட்டையைத் தாண்டி 10 செ.மீ. மேலே படியுமாறு முடியுங்கள். மெல்லிய டேப் என்றால் இரண்டு சுற்று. வால்வுக்கான துளையைக் கத்தியால் கீறாதீர்கள், கீறல் அழுத்தத்தில் நீளும். சூடாக்கிய ஊசியால் குத்துங்கள். வால்வு நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கினால், வழியில் டியூப் போட வேண்டி வரும்போது கழற்ற முடியாது.

டயரின் சுழல் திசை அம்புக்குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசி 15 செ.மீ. ஏற மறுத்தால் பலத்தைக் காட்டாமல், சுற்றிலும் இரு பீடிங்கையும் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள். அங்கே விட்டம் குறைவு, அதனால் மேலே தளர்வு கிடைக்கும். இரும்பு லீவர் வேண்டாம், டேப்பைக் கிழிக்கும். பிறகு பீடிங் முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு ஒரேயடியாகக் காற்றடியுங்கள். தரைப் பம்பில் ஏறாவிட்டால் கம்ப்ரசரோ காற்றுத் தொட்டி வைத்த பம்போ வேண்டும். பட் பட்டென்று சத்தம் கேட்டால் பீடிங் மேடையில் ஏறுகிறது என்று அர்த்தம். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, அங்கே மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி அடியுங்கள். ஏறவில்லையே என்று அழுத்த வரம்பைத் தாண்டி மட்டும் அடிக்கக் கூடாது.

சீலன்டை இதற்குப் பிறகு வால்வு வழியாகச் சிரிஞ்சில் விடுங்கள்: 28 மி.மீ.க்கு 30 முதல் 40 மி.லி., 32க்கு 50 வரை. பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் அடைக்கும் துகள்கள் பாட்டிலிலேயே தங்கிவிடும். உள் ஊசியை மாட்டிக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி, ஒவ்வொரு பக்கமாகப் படுக்க வைத்து, பிறகு சிறிது தூரம் ஓட்டுங்கள். முதல் சில நாள் ஓரிரவில் 5, 10 பிஎஸ்ஐ இறங்குவது இயல்பு. பக்கச்சுவரில் ஈரப் பொட்டு தெரிவதும் அப்படியே. ஒரு வாரம் கழித்தும் இறங்கினால் சக்கரத்தைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஸ்போக் துளையிலோ வால்வு அடியிலோ குமிழி வந்தால் டேப்தான் குற்றவாளி, டயரில் கோளாறு இல்லை.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலன்டைச் சோதியுங்கள். வெப்பமான இடங்களில் இன்னும் சீக்கிரம் காயும். டியூப்லெஸ் ஏமாற்றிவிட்டது என்று கேள்விப்படும் பஞ்சர்களில் நிறைய, உள்ளே சீலன்ட் காய்ந்து தோலாகிப் போனதால் வருபவை.

வழியில் சீலன்டால் அடையாத ஓட்டை விழுந்தால், காற்று முழுக்க இறங்கும் முன்பே 1.5 மி.மீ. பிளக் பட்டையை (ஓட்டையில் திணித்து அடைக்கும் பட்டை) செருகுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பல லேட்டக்ஸ் சீலன்ட்களை உறைய வைத்துவிடும். அதை அடித்தால் வீட்டுக்கு வந்ததும் காற்றை மாற்றி, சீலன்டையும் பாருங்கள். டிபியு என்ற பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய டியூப் ஒன்றும் பையில் இருக்கட்டும். அதைப் போடும் முன் டயரின் உட்புறத்தைத் துணி சுற்றிய விரலால் தடவிப் பாருங்கள். சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்து வைத்த பழைய முட்கள் அங்கே நிறைய இருக்கும், டியூபை உடனே குத்திவிடும்.

பின் டயர் முன் டயரைவிட வேகமாகத் தேயும். புது டயரை எப்போதும் முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றுங்கள். முன் சக்கரம் வழுக்கினால் மீட்க முடியாது. தேய்மானக் குழி மறைந்தாலோ, நடுப்பகுதி தட்டையாகிச் சின்னச் சின்ன பஞ்சர் அடிக்கடி வந்தாலோ டயரை மாற்றுங்கள். பக்கச்சுவரில் நூல் தெரியும் வெட்டு விழுந்தால் பிளக் வைத்து ஓட்டாதீர்கள். உள்ளே தடித்த ஒட்டுத் துண்டு வைத்து வீடு வந்து சேருங்கள், பிறகு அந்த டயர் வேண்டாம்.