திக்கல் போகாமலே மேடை ஏறியவர்

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். இப்போது பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நடித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடர் என்ற முகமூடி வில்லனுக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸுக்கும் திக்குவாய்தான் என்று எங்கோ படித்துவிட்டு, அவர் படத்தை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான். அது உண்மையா? அவருக்கு எப்படிச் சரியாயிற்று? வீட்டில் அவன் திணறினால் நானோ அவன் அப்பாவோ வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவோம். மேடையில் யார் கொடுப்பார்கள்? நாலு பேர் சிரித்துவிட்டால் பிள்ளை தாங்குவானா?
– மன்னார்குடி வாசகி ஒருவர்

பதில்: உண்மைதான் அம்மா. ஆனால் அவருக்கு அது ‘சரியாகவில்லை’. குணமாகிவிட்டது என்று தன்னால் சொல்ல முடியாது, அதை வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறேன் என்றுதான் வயதான காலத்திலும் சொல்லிவந்தார். 2024 செப்டம்பரில், 93 வயதில் காலமானார். முதலில் இதை உங்கள் மகனிடம் சொல்லிவிடுங்கள். திக்கல் போன பிறகுதான் நடிக்கலாம் என்று காத்திருந்தால் அவர் மேடையே ஏறியிருக்க மாட்டார்.

அவர் பிறந்தது 1931-இல், மிஸிஸிப்பி மாநிலத்தில் அர்க்கபட்லா என்ற சிற்றூரில். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா குடும்பத்தில் இல்லை. வளர்த்தது அம்மாவைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும். ஐந்து வயதுவாக்கில் அவர்கள் ஊரைவிட்டு வடக்கே மிச்சிகனில் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தச் சமயத்தில் தொடங்கிய திக்கல் பிள்ளையின் வாயையே கட்டிப்போட்டது. ஏறக்குறைய எட்டு வருடம் வெளியாரிடம் பேச்சே இல்லை. பள்ளியில் எதுவானாலும் எழுதிக் காட்டுவான். பண்ணையில் இருந்த ஆடு மாடுகளோடு மட்டும் தடையில்லாமல் பேசுவான்.

இந்தக் கதையில் என் மனத்தைவிட்டு அகலாதவர் டொனால்ட் க்ரௌச் என்ற ஆசிரியர். ப்ரெத்ரன் என்ற சிறிய ஊரின் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவர். வாய் திறக்காத இந்தப் பையன் கவிதை எழுதுகிறான் என்று அவருக்குத் தெரியவந்தது. அந்தக் குளிர் ஊருக்கு ஒருமுறை கிரேப்ஃப்ரூட் பழங்கள் வந்து இறங்கின. நம் பம்ளிமாஸுக்கு உறவான பழம்தான். அதன் ருசியில் சொக்கிப்போய் பையன் ஒரு கவிதை எழுதினான். படித்த ஆசிரியர், “இவ்வளவு நன்றாக இருக்கிறதே, நீ எழுதியதுதானா? அப்படியானால் வகுப்பில் எல்லோர் முன்னாலும் பார்க்காமல் சொல்லு” என்கிற மாதிரி சீண்டிவிட்டார். ரோஷம் வந்து எழுந்து நின்றவன் முழுக் கவிதையையும் திக்காமல் சொல்லி முடித்தான்.

இதைக் கேட்டுவிட்டு, பிள்ளையைத் திடீரென்று நாலு பேர் முன்னால் தள்ளிவிட்டால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படித் தள்ளிவிடப்பட்டு வருடக்கணக்கில் ஒடுங்கிப்போன பிள்ளைகள் நிறைய. அன்று அவன் சொன்னது அவனே எழுதி, மனத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்த, சந்தம் உள்ள வரிகள். சந்தத்தோடு சொல்லும்போதும், பாடும்போதும், கூட்டத்தோடு சேர்ந்து வாசிக்கும்போதும், இன்னொருவராக மாறி நடிக்கும்போதும் பலருக்குத் திக்கல் வெகுவாகக் குறையும். பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் நன்றாக அறிந்த விஷயம் இது. க்ரௌச்சும் அந்த ஒரு நாளோடு விட்டுவிடவில்லை. தொடர்ந்து கவிதைகளை வாய்விட்டு வாசிக்க வைத்தார்.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம். மருத்துவம் படிக்கும் எண்ணத்தில் சேர்ந்தவர் நாடகத்துக்கு மாறினார். கொஞ்ச காலம் ராணுவம். மானிஸ்டீ ஊரின் ராம்ஸ்டெல் அரங்கில் மேடைத் தச்சு வேலை செய்தபடியே நடித்தார். நியூயார்க்கில் துப்புரவு வேலையும் பார்த்திருக்கிறார்.

1958-இல், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில், கோர்ட் தியேட்டரில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைப் பற்றிய ஒரு நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வேலைக்காரர் வேடம். “மிஸஸ் ரூஸ்வெல்ட், சாப்பாடு தயார்” என்பதுபோல ஒரு சின்ன வசனம். அந்த ‘மி’யிலேயே நாக்கு மாட்டிக்கொண்டதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நீங்கள் பயப்படுகிறீர்களே, அது அவருக்கு நடந்தது அம்மா. அதற்குப் பிறகும் மேடைக்கு வந்தார். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாகவும் லியர் மன்னனாகவும் நின்றார். கறுப்பினக் குத்துச்சண்டை வீரராக ‘தி கிரேட் வைட் ஹோப்’ நாடகத்தில் நடித்து 1969-இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருது பெற்றார். 1987-இல் ‘ஃபென்சஸ்’ நாடகத்துக்காக மறுபடியும். அந்த கோர்ட் தியேட்டருக்கு 2022-இல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் தியேட்டர் என்றே பெயர் மாற்றினார்கள்.

உலகம் அறிந்த டார்த் வேடர் குரலுக்கு 1977-இல் அவர் வாங்கியது 7,000 டாலர். முகமூடிக்குள் நடித்தவர் வேறொருவர் என்பதால், முதல் இரண்டு படங்களில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ‘லயன் கிங்’ படத்தின் சிங்க ராஜா முஃபாசாவின் குரலும் அவருடையதுதான். படங்களில் இவ்வளவு புகழ் சேர்ந்த பிறகும் நாடகத்தை விடவில்லை. 2015-இல், 84 வயதில், சிசிலி டைசனோடு இரண்டே பாத்திரங்கள் உள்ள ‘தி ஜின் கேம்’ நாடகத்தில் மேடையைத் தாங்கினார்.

உங்கள் மகன் நடிக்கட்டும். அவன் சம்மதத்தோடு நாடகம் போடும் ஆசிரியரிடம் பேசுங்கள். வசனத்தை முன்கூட்டியே வாங்கி, தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க விடுங்கள். எந்தச் சொல்லில் நாக்கு மாட்டுகிறதோ அதை மாற்றிக்கொள்ள அவனுக்கு அனுமதி வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் ஒரு மூச்சு எடுத்துத் தொடரலாம் என்பதையும் ஒத்திகையிலேயே பழகட்டும். இதோடு பேச்சுப் பயிற்சியும் அவசியம். பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், காது மூக்குத் தொண்டைப் பிரிவில் விசாரித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்த வேண்டும். வார்த்தையை எடுத்துக் கொடுப்பது. பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் அவன் சொல்ல வந்ததை அவன் வாயிலிருந்து நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள். இன்று இரவு சாப்பிடும்போது அவன் ஒரு சொல்லில் நின்றால், தட்டைப் பார்க்காமல் இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்த்தபடி இருங்கள். அரை நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.