பேஸ் கிட்டாருக்கு டிஸ்டார்ஷன் பெடல்: கேள்வி பதில்

கிட்டாருக்காகச் செய்த டிஸ்டார்ஷன் பெடலை (ஒலியை வேண்டுமென்றே சிதைத்து முரட்டுத்தனமாக்கும் பெடல்) பேஸுக்கு ஏற்ப மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சால்டரிங் ஓரளவு பழகியவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட இருக்கிற ராட்ங்கிற டிஸ்டார்ஷன் பெடல்ல பேஸ் வாசிச்சா லோ, அதாவது கனமான கீழ் ஒலி, காணாமப் போகுது. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் எல்லாத்தையும் பெரிசா மாத்திட்டா சரியாகுமா?

பதில்: எல்லாவற்றிலும் கை வைக்காதீர்கள் தம்பி. எது லோவை வெட்டுகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். ரெசிஸ்டரின் ஓம் அளவையும் கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் அளவையும் பெருக்கி, அதனால் 1,59,000ஐ வகுத்தால், வெட்டு தொடங்கும் இடம் ஹெர்ட்ஸில் கிடைக்கும். ராட்டின் நுழைவில் இருப்பவை 22 நானோஃபாரடும் (0.022 மைக்ரோஃபாரட்) 1 மெகா ஓமும் (10,00,000 ஓம்). விடை சுமார் 7 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31. ஆக, அந்தக் கெப்பாசிட்டர் உங்கள் லோவைத் தொடவே இல்லை.

சிக்கல் இருப்பது ஆப்-ஆம்பின் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) கெயினை, அதாவது எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை, தீர்மானிக்கும் இரண்டு கிளைகளில். ஒன்று 560 ஓமும் 4.7 மைக்ரோஃபாரடும், அதாவது 60 ஹெர்ட்ஸ். மற்றொன்று 47 ஓமும் 2.2 மைக்ரோஃபாரடும், அதாவது 1,500 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். இந்த இரண்டாவது கிளைதான் மேல் ஒலியை மட்டும் பல மடங்கு ஏற்றிவிடுகிறது. அப்புறம் டையோடுகள் எல்லாவற்றையும் 0.6 வோல்ட்டில் நறுக்கிவிடுவதால், கேட்பது இரைச்சலாகவும் லோ மெலிந்தும் தெரிகிறது.

கேள்வி: அப்போ ராட்ல எதை மாத்தணும்?

பதில்: முதலில் 47 ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிடுங்கள். ஏறத்தாழ 2,300 மடங்காக இருந்த உச்ச கெயின் 180க்கு இறங்கும். பேஸுக்கு அது தாராளம். அடுத்து, இரண்டு சிலிக்கான் டையோடுகளுக்குப் பதில் இரண்டு சிவப்பு எல்இடி போடுங்கள். டர்போ ராட்டில் இருப்பதும் அதுதான். 0.6 வோல்ட்டுக்குப் பதில் 1.7 வோல்ட் வாக்கில் நறுக்கும். சத்தம் கூடும், கம்பியில் விரல் படும் அழுத்தமும் கேட்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: ராட்டின் ஃபில்டர் நாப் மற்ற பெடல்களின் டோனுக்கு நேர் எதிர். வலப்பக்கம் திருப்பினால் மேல் ஒலி குறையும்.

கேள்வி: சார், நான் வெச்சிருக்கிறது டியூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடல். இதையும் மாத்தலாமா?

பதில்: தாராளமாக. இதில் 4.7 கிலோ ஓமோடு இருக்கும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்தான் எல்லாம். கணக்கு 720 ஹெர்ட்ஸ் காட்டும். அதற்குக் கீழே போகப் போக கெயின் இறங்கி 1ஐ நெருங்கும். லோ வெட்டுப்படுவதில்லை, நடு ஒலி மட்டும் எகிறுகிறது. 0.1 போட்டால் 340 ஹெர்ட்ஸ், 0.22 போட்டால் 154. பலர் நேராக 1 மைக்ரோஃபாரடுக்குத் தாவுவார்கள். நான் 0.22ஐத் தாண்ட மாட்டேன். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: கெப்பாசிட்டரைப் பெரிசாக்கினேன். லோ வந்தது, ஆனா கொழகொழன்னு இருக்கு. என்ன தப்பு?

பதில்: பேஸ் சிக்னலில் மிகப் பெரிய அலை லோதான். அந்த அலை டையோடின் எல்லையை முட்டி நிற்கும் நொடியில் அதன் மேல் சவாரி செய்யும் நடு ஒலி முழுவதும் அமுங்கிப்போகிறது. அலை இறங்கினால் மறுபடி தலைகாட்டுகிறது. வினாடிக்குப் பல பத்து முறை இது நடப்பதால்தான் அந்தக் கொழகொழப்பு. அதனால் என் கருத்து இதுதான்: லோவை டிஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அது கிளீனாக, அதாவது சிதையாமல், வேறு வழியில் போகட்டும், நடுவும் மேலும் மட்டும் டிஸ்டார்ட் ஆகட்டும். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் பெடலில் இரண்டு ஒலியையும் கலக்கும் பிளெண்ட் நாப் இருப்பதும், பேஸ் பிக் மஃப் பெடலில் டிரை நிலை இருப்பதும் இந்தக் கிளீன் ஒலியைக் காப்பாற்றத்தான்.

வீட்டிலேயே செய்ய டிஎல்072 ஐசி ஒன்று போதும். அதில் இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கும். அதன் ஒரு பாதி பஃபராக (சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் கட்டமாக) நின்று பேஸ் சிக்னலை இரண்டு வழிக்கும் கொடுக்கும். ஒன்று பெடலுக்குள் போய் வரும், மற்றொன்று நேராக வரும். இரண்டையும் 100 கிலோ ஓம் பொட்டின் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இரு முனைகளில் இணைத்து, நடுக்காலை மறு பாதிக்குக் கொடுங்கள். 9 வோல்ட்டைப் பாதியாக்கி 4.5 வோல்ட் பயாஸ் (சிக்னல் மேலும் கீழும் ஆட நடுப்புள்ளி) தர வேண்டும். உள்ளே வரும், வெளியே போகும் இடங்களில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வேண்டும்.

பிளெண்ட் வைத்த பிறகு நான் செய்வது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ராட்டின் 4.7 மைக்ரோஃபாரடை எடுத்துவிட்டு 1 மைக்ரோஃபாரட் போடுவேன். வெட்டு 60 ஹெர்ட்ஸிலிருந்து 284க்கு ஏறும். டிஸ்டார்ஷன் பக்கம் இறுக்கமாகிவிடும், கனத்தைக் கிளீன் பக்கம் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: போர்டுல கை வைக்க பயமா இருக்கு. வெளியிலேயே பிளெண்ட் பண்ண முடியுமா?

பதில்: முடியும். பாஸ் நிறுவனத்தின் எல்எஸ்-2 பெடலை வாங்குங்கள். அதில் சிக்னல் வெளியே போய் (செண்ட்) திரும்பி வரும் (ரிட்டர்ன்) லூப் இரண்டு இருக்கும். ஏ லூப்பில் பெடலையும், பி லூப்பில் செண்டையும் ரிட்டர்னையும் இணைத்து ஒரு சின்ன கேபிளையும் போட்டு, ஏ+பி மிக்ஸ் நிலையில் வையுங்கள்.

ஆனால் ஃபேஸ் பார்த்துக்கொள்ளுங்கள், அதாவது இரண்டு வழியிலும் அலை ஒரே திசையில் ஏறி இறங்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றையொன்று அழித்துவிடும். ராட் சிக்னலைத் தலைகீழாக்காது. பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல் தலைகீழாக்கும், அதில் நடுவே ஒரு டிரான்சிஸ்டர் கட்டம் இருக்கிறது. இரண்டையும் கலந்ததும் லோ கூடாமல் மெலிந்துபோனால் இதுதான் காரணம். கிளீன் வழியிலும் ஓர் இன்வெர்டிங் (தலைகீழாக்கும்) கட்டம் சேர்த்தால் சரியாகிவிடும்.

கேள்வி: சென்னையில பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்? எல்எம்308 ஐசி கிடைக்குமா?

பதில்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், எல்இடி, டிஎல்072 எல்லாம் தேடலாம். பழைய ராட்களில் ஆப்-ஆம்பாக இருந்த எல்எம்308 தயாரிப்பு நின்றுபோனது. அந்தப் பெயரில் போலிகளும் விற்கிறார்கள். அதற்காக அலைய வேண்டாம். பின்னாளைய ராட்களிலேயே ஓபி07 என்ற ஆப்-ஆம்ப்தான் வருகிறது, வேகமும் கிட்டத்தட்ட அதே. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில் பிளஸ், மைனஸ் பார்த்துப் போடுங்கள்.

கேள்வி: மாத்தினதை ஹெட்ஃபோன்ல கேட்டு செட் பண்ணலாமா?

பதில்: வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும். தனியாகக் கேட்கும்போது டிஸ்டார்ஷன் நிறைய இருந்தால் பிரமாதமாகத்தான் இருக்கும். கிக் டிரம்மும் கிட்டாரும் சேர்ந்ததும் பேஸ் எங்கே என்று தேட வேண்டிவரும். ரிகர்சலில் டிரம்மர் வாசிக்கும்போது, பிளெண்டை முழுக் கிளீனில் தொடங்கி, சுரம் தெளிவாகக் கேட்கும்வரை மட்டும் டிஸ்டார்ஷனைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.