எந்தப் பழைய கடை, ஐயா?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நான் சிறுவனாக அப்பாவோடு போய் மளிகை வாங்கிய கடைவீடு, பிறகு வீடியோ கேசட் கடையானது. அதன்பின் அங்கே தொலைபேசி அட்டை விற்றார்கள். இப்போது கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். மரபுடைமைக் கட்டடம் என்று பெயர். உள்ளே மரபு எங்கே? பழைய கடையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி உங்கள் இதழ் ஏன் எழுதுவதில்லை? – ஒரு வாசகர், ஈசூன்

பதில்: எந்தப் பழைய கடையை? உங்கள் கடிதத்திலேயே மூன்று இருக்கின்றன. மளிகையைக் கொண்டுவந்தால் கேசட் கடையில் இளமையைக் கழித்தவர் எனக்குக் கடிதம் எழுதுவார். தொலைபேசி அட்டைக் கடைக்கும் ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த அஞ்சடியில், அதாவது கடைவீட்டு முன்நடைபாதையில், நின்று, அட்டையைச் சுரண்டி, ஊரில் பிறந்த பிள்ளையின் அழுகையை முதன்முதலாகக் கேட்ட வெளிநாட்டு ஊழியர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அதுதான் மரபு. உங்களுக்கு அது இடையில் வந்து போன ஒரு கடை, அவ்வளவே.

நீங்கள் குறிப்பிட்ட கட்டடம் எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. பதில் எழுதும் முன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அஞ்சடித் தூணில் பழைய கடையின் பெயர் சுண்ணாம்பில் புடைப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அதன்மேல் எத்தனை முறை சாயம் பூசினார்களோ, கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினால் ‘ஸ்டோர்ஸ்’ என்பது மட்டும் தட்டுப்படுகிறது. வாசலை ஒட்டி சிமெண்டுத் தரையில் ஒரு குழிவு. அரிசி மூட்டைகளை இறக்கி இறக்கித் தேய்ந்த இடமாக இருக்க வேண்டும். உத்தரத்தில் வாழைத்தார் தொங்கிய இரும்புக் கொக்கி இன்னும் இருக்கிறது. அதில் இப்போது மின்னேற்றிக் கம்பிகள் கொத்தாகத் தொங்குகின்றன, கிட்டத்தட்ட வாழைத்தார் மாதிரியே. கடைக்காரரிடம் அந்தக் கொக்கி எதற்கு என்று கேட்டேன். “நான் வரும்போதே இருந்தது” என்றார். இடுக்கியால் ஒரு கைத்தொலைபேசித் திரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

உள்ளே மரபு எங்கே என்று கேட்கிறீர்கள். உள்ளே நடக்கும் தொழிலைக் காப்பதாகச் சட்டம் எப்போது சொன்னது? சிராங்கூன் சாலை உள்ள லிட்டில் இந்தியா மரபுடைமைப் பாதுகாப்பு வட்டாரமானது 1989 ஜூலையில். முகப்பு, ஓட்டுக்கூரை, அஞ்சடி போன்ற கட்டடக் கூறுகள் நிலைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சாலையோரத் தரைத்தளத்தில் சில தொழில்கள் ஆகாது என்ற விதிகளும் உண்டு. ஆனால் புளி விற்றவர் புளிதான் விற்க வேண்டும் என்று எந்த அரசாங்கத்தால் ஆணையிட முடியும்? அவர் மகன் கணக்காளராகிவிட்டால் ஆணையை யார்மீது செலுத்துவது?

இந்தக் கதையில் எல்லாரும் தாண்டிப்போகிற ஒரு பக்கம் இருக்கிறது. 1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தில் குடியிருப்போரை அது காப்பாற்றியது. பழைய கட்டடங்களின் வாடகை அப்படியே உறைந்தது. மளிகைக் கடைகள் பத்துக் காசு, இருபது காசு லாபத்தில் காலம் தள்ள முடிந்ததற்கு அந்த வாடகையும் ஒரு காரணம். மறுபக்கம், ஓடு ஒழுகினாலும் மாற்ற உரிமையாளருக்கு மனம் வரவில்லை. வருகிற வாடகை ஓட்டுக்கே போதாதே. 1988 முதல் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 2001-இல் சட்டமே நீக்கப்பட்டது. ஆக, கட்டடத்துக்குக் காப்புக் கட்டிய அதே காலத்தில் கடைக்காரர் கையிலிருந்த காப்பைக் கழற்றினார்கள். இதைச் சதி என்று சொல்லமாட்டேன். சந்தை வாடகை கிடைக்காவிட்டால் அந்தச் சுவர்களைச் செப்பனிட யாரும் வெள்ளி செலவழித்திருக்கமாட்டார்கள். உங்கள் நினைவு குடியிருக்கும் கட்டடமே விழுந்திருக்கும். ஆனால் சாயம் மணக்கும் முகப்பைப் படம் எடுக்கிறவர்கள் அதற்கு விலை கொடுத்தது யார் என்பதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

(முகப்பு என்றதும் ஒன்று. பக்கத்துக் கெர்பாவ் சாலையில் சீன வணிகர் டான் டெங் நியாவின் வீடு, 1900-இல் கட்டியது, இன்று வானவில்லைக் கரைத்து ஊற்றியதுபோல் நிற்கிறது. அதைப் பழங்காலத்து வண்ணம் என்று நம்பிப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். முதலில் அது வெள்ளை வீடு.)

வாடகை மட்டுமே மளிகையைத் துரத்தியது என்றும் எழுதிவிட முடியாது. சிராங்கூன் சாலையைச் சுற்றிக் குடியிருந்த குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. உங்கள் முகவரியே ஈசூன்தான். வீட்டுக்குக் கீழேயே பேரங்காடி, அதில் பொட்டலத்தில் மிளகாய்த்தூள். மல்லியும் மிளகாயும் வறுத்து மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலை யாருக்கு வேண்டும்? கடைசியாக நீங்கள் சிராங்கூன் சாலையில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கியது எப்போது? தீபாவளிக்கு முந்திய வாரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அதே 1947-இல் தொடங்கிய கோமள விலாஸ் சைவ உணவகம் இன்றும் அதே சாலையில் இருக்கிறது. காரணம் எளிது: தோசையைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொள்ள முடியாது. படத்தை இறக்கிக்கொள்ளலாம், ஊருக்கு அழைத்துப் பேசலாம். அதனால் கேசட்டும் அட்டையும் போயின. முஸ்தபா கடைக்காரரைப் பாருங்கள். 1971-இல் கேம்பல் லேனில் ஒரு துணிக்கடை. அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் இன்று அவருக்காகவும் எனக்கு ஓர் இரங்கல் கடிதம் வந்திருக்கும். இடம் மாறி மாறி, 1995-இல் சையது ஆல்வி சாலையில் பெருங்கடையானார்.

கட்டடம் நின்று கடை மாறுவதைத்தான் பெரிய துயரமாக எழுதியிருக்கிறீர்கள். சாலையின் தொடக்கத்துக்கே போய்ப் பாருங்கள். 1915-இல் கட்டிய பழைய தேக்கா சந்தை நின்ற இடம் அது. 1982-இல் சந்தை சாலையைத் தாண்டி எதிர்ப்புறம் போயிற்று. காலியான இடத்தில் 2003-இல் தேக்கா மால் எழுந்தது. சில ஆண்டுகளில் ‘தி வெர்ஜ்’ என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள், ஓடவில்லை. இடித்துவிட்டு 2020-இல் ‘தேக்கா பிளேஸ்’ திறந்தார்கள். புத்தம்புதுக் கடைத்தொகுதி இருபது ஆண்டு தாக்குப்பிடிக்கவில்லை. அங்கே தடவிப் பார்க்க ஒரு தூண்கூட மிஞ்சவில்லை. அதைப்பற்றி இதுவரை ஒருவரும் எனக்கு எழுதவில்லை.

அரசாங்கத்துக்கு நான் எழுத விரும்புவது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கடைவீட்டு வாசலிலும் அங்கே என்னென்ன கடைகள் இருந்தன என்று வரிசையாக ஒரு சிறு பலகை வையுங்கள். மளிகைக்குப் பக்கத்தில் கேசட்டும் இருக்கட்டும், உறைக்கடையும் இருக்கட்டும். வெறும் கட்டடக் கலையைப் பற்றி மட்டும் எழுதிய பலகைகளைப் படித்து அலுத்துவிட்டது.

நான் கிளம்பும்போது ஓர் இளைஞர் அளவு நாடாவை விரித்து வாசலை அளந்துகொண்டிருந்தார். ஒப்பந்தம் ஆண்டு முடிவோடு சரி என்றார் உறைக்கடைக்காரர். என்ன கடை வரப்போகிறது என்று இளைஞரிடம் கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. இன்னும் பத்தாண்டு கழித்து, கைத்தொலைபேசி உறைக் கடையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி யாராவது எழுதினால் அந்தக் கடிதத்தை உங்களுக்கே அனுப்பிவைக்கிறேன்.