இலங்கையின் வன்னியில் கடன் கொடுத்தால் மட்டும் சிறுதொழில் வளருமா?

வளராது. கிளிநொச்சியில் லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) திருத்தும் பெடியன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். வேலை தெரியும், ஆட்களும் வருவார்கள். ஆனால் கமக்காரன் கூலி கொடுப்பது காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு, மாசி பங்குனியில். நுண்கடன்காரனோ கிழமைக்குக் கிழமை படலையில் நிற்பான். தவணை கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நகை அடகு. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

வங்கிக்குப் போகலாமே என்பீர்கள். வங்கி ஈடு கேட்கும். 2009இல் போர் முடிந்தபோது பலர் வெறுங்கையோடுதான் முகாமுக்குப் போனார்கள். இருக்கும் காணியும் பெரும்பாலும் பேர்மிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. உறுதிக் காணிபோல் அதை இலகுவில் ஈடு வைக்க முடியாது.

ஆகவே காசுக்குப் பதில் வெல்டிங் மெசின், கொம்பிறசர் என்று கருவியாகக் கொடுப்பது நல்லது. கடன்தான் என்றால் தவணை அறுவடையோடு பொருந்தவேண்டும்.

பயிற்சிக்குக் குறைவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜெர்மன் உதவியுடன் கட்டிய தொழிற்பயிற்சி நிறுவனமே இருக்கிறது. சான்றிதழோடு வெளியே வருபவனுக்கு முதல் ஆறு மாத வாடிக்கையாளரை யார் பிடித்துக் கொடுப்பது? பிரதேச சபை தன் வாகனத் திருத்த வேலையில் கொஞ்சத்தை அவனிடம் கொடுக்கலாம். திட்ட அறிக்கைகளில் வாடிக்கையாளரைப் பிடிக்கும் இந்தப் பகுதிதான் எப்போதும் ஒரு வரியில் முடிந்துவிடும்.