வீட்டுக்குள் நடுவர்

அன்புள்ள ஐயா,

என் மனைவி நாகர்கோவிலில் தம்பதியருக்கு கவுன்சலிங் கொடுக்கிறார். மார்த்தாண்டம் வந்து சேர இரவு எட்டாகிவிடும். வந்தால் பேச்சே இல்லை. நான் சத்தம் போட்டால், "நீங்க கோவமா இருக்கீங்கன்னு புரியுது" என்று மெதுவாகச் சொல்வார். எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். ஊரையெல்லாம் சேர்த்துவைப்பவர் வீட்டில் இப்படியா?

– மார்த்தாண்டம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

"கோவமா இருக்கீங்கன்னு புரியுது" என்ற அந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கவுன்சலிங் அறையில் அவர் மூன்றாவது ஆள். கணவன் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லும்போதுதான் பல மனைவிமாருக்கு அது காதில் ஏறும். வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. சண்டை போடும் இருவரில் ஒருவர் நடுவராகிவிட்டால் மற்றவர் நோயாளியாகிவிடுகிறார். அவர் வேண்டுமென்றே செய்வதல்ல, பகலெல்லாம் பழகிய நாக்கு.

ஒற்றை ஆளுக்குக் கொடுக்கும் கவுன்சலிங்கைவிட இது கடினம். யார் குறுக்கே பேசுகிறார், யார் வாயடைத்துப் போனார் என்று பார்த்துக்கொண்டே, எந்தப் பக்கமும் சாயாத முகத்தோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நாளுக்கு மூன்று ஜோடிக்கு மேல் பார்த்தால் வீட்டுக்கு மிச்சம் இருக்காது என்பது என் கணிப்பு. இன்னொன்று, துரோகமும் சந்தேகமும் அந்த அறைக்கு அடிக்கடி வருகின்றன. நன்றாக வாழ்கிறவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. கேட்டுக் கேட்டு, சொந்தக் கணவர் போனைக் கவிழ்த்து வைத்தால்கூட மனம் ஒரு நொடி தடுக்கும்.

குறிப்புகளை அலுவலகத்திலேயே எழுதி முடிக்கட்டும். பஸ்ஸில் வரும்போது கவுன்சலிங்குக்கு வருகிறவர்களின் வாய்ஸ் மெசேஜ் கேட்க வேண்டாம். வந்ததும் அரை மணி நேரம் அந்த வேலைப் பேச்சு எதையும் நீங்களும் எடுக்காதீர்கள். சண்டை முற்றினால் இடைவெளி எடுங்கள். நாடித்துடிப்பு நூறைத் தாண்டியவருக்கு எதுவும் மண்டையில் ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதியரை ஆராய்ந்து சொன்னது. ஆனால் போகிறவர் "ஒன்பதரைக்குப் பேசுவோம்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் எழுந்துபோனால் அதுவே புறக்கணிப்பாகிவிடும்.

கல்யாண மண்டபத்தில் யாரையாவது கண்டு அவர் முகம் திருப்பினால், யார் என்று கேட்காதீர்கள். நம் மாவட்டம் சின்னது, ரகசியம் காப்பது அவர் தொழிலின் உயிர். மனச்சுமையை, பெயர் சொல்லாமல், மூத்த கவுன்சலர் ஒருவரிடம் மாதம் இருமுறையாவது அவர் இறக்கிவைக்கட்டும்.

"கவுன்சலருக்கே கோவமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவரும் கத்தட்டும். நீங்கள் இருவரும் யாரிடமாவது போவதென்றால் அவருடைய சக ஊழியர் வேண்டாம், திருவனந்தபுரம் போங்கள். பக்கம்தான், அங்கே அவரை யாருக்கும் தெரியாது.