பற்களை வெண்மையாக்கும் சிகிச்சை: பல் மருத்துவர் பதில்கள்

என் மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். ஒரு கிளினிக்கில் நீல விளக்கொளி வைத்து ஒரே மணி நேரத்தில் பற்களை வெண்மையாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். வேறொரு மருத்துவர், இரவில் அணியும் ட்ரேயும் ஜெல்லும் தருவதாகவும் இரண்டு வாரமாவது ஆகும் என்றும் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? எனாமல் தேய்ந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்களே, உண்மையா?
– வாசகி, ஈரோடு

இரண்டு முறைகளிலும் வேலை செய்யும் பொருள் ஒன்றுதான்: ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. அது எனாமலை ஊடுருவி, அதற்கு அடியில் உள்ள மஞ்சள் நிற டென்டின் வரை சென்று, அங்கே படிந்திருக்கும் நிறப்பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்து நிறம் குறைந்த சிறு துகள்களாக உடைக்கிறது. பல்லை இது சுரண்டுவதில்லை. ஆகவே, தேய்ந்துவிடும் என்ற அச்சம், தேய்த்து வெளுக்கும் பொடிகளுக்குத்தான் பொருந்துமே தவிர, முறையாகச் செய்யப்படும் பெராக்சைடு சிகிச்சைக்குப் பொருந்தாது. எனாமலின் கடினத்தன்மையில் ஏற்படும் சிறு குறைவும் உமிழ்நீரில் உள்ள தாதுக்களால் பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. அமிலத்தன்மை கொண்ட தரமற்ற ஜெல்களை மாதக்கணக்கில் பயன்படுத்துவது மட்டும் வேறு கதை.

ட்ரேயில் இடுவது பெரும்பாலும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு. வாயில் இது பிரிந்து ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருகிறது. கிளினிக்கில் நாற்காலியில் அமர்த்திப் பூசுவதோ 25 முதல் 40 சதவீதம் வரை செறிவுள்ளது. செறிவு கூடினால் வேகம் கூடும். ஆனால் போதிய காலம் கொடுத்தால் குறைந்த செறிவும் ஏறத்தாழ அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடும் என்பதே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் முடிவு. நீல விளக்கின் பங்கு விளம்பரத்தில் இருக்கும் அளவுக்குச் சிகிச்சையில் இல்லை. விளக்கில்லாமல் அதே ஜெல்லைப் பூசினாலும் பலன் பெரிதாக மாறுவதில்லை. சில விளக்குகளின் வெப்பம் பல் கூச்சத்தை அதிகப்படுத்தவும் கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வாயைத் திறந்தபடி ஒரு மணி நேரம் இருக்கும்போது பற்கள் உலர்ந்து இயல்பைவிட வெளுப்பாகத் தோன்றும். கண்ணாடியைக் கையில் கொடுத்து 'எட்டு ஷேடு (நிறப்படி) வெளுத்துவிட்டது' என்று காட்டுவது அந்த நேரத்தில்தான். ஓரிரு நாளில் பற்களில் ஈரம் திரும்பியதும் அந்த வெண்மையில் ஒரு பகுதி மறைந்துவிடும்.

ஒரு மாத அவகாசம் இருப்பதால் ட்ரே முறையையே நான் பரிந்துரைப்பேன். அமெரிக்காவில் ஹேவுட், ஹெய்மன் என்ற இரு பல் மருத்துவர்கள் 1989-இல் இந்த இரவு ட்ரே முறையை ஆய்விதழில் விவரித்தார்கள். வெண்மைச் சிகிச்சைகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டதும் இதுதான். முதலில் ஸ்கேலிங் செய்து காரையையும் தேநீர்க் கறையையும் நீக்குங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருந்துவிடுகிறது. சொத்தை இருந்தால் அடைத்த பிறகே ஜெல்லைத் தொட வேண்டும். மகளின் பற்களுக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய ட்ரேயில், ஒவ்வொரு பல்லின் முன்பக்கத்துக்கும் அரிசி மணி அளவு ஜெல் போதும். அணிந்த பின் ஈறின் மேல் வழிவதைப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஈறின் ஓரம் வெளிறி எரியும், ஓரிரு நாளில் ஆறிவிடும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நிறம் நிலைப்பதற்கும் கூச்சம் அடங்குவதற்கும் அந்த இடைவெளி தேவை.

ஜெல் போடத் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து, எதுவும் குடிக்காமலேயே பற்களில் சுளீர் சுளீர் என்று வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், மதுரை

பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பற்கூழ் வரை, அதாவது பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதி வரை சென்றுவிடுவதால் ஏற்படும் கூச்சம் இது. இந்தச் சிகிச்சையில் மிகச் சாதாரணமாக வரக்கூடியதும், நிறுத்திய சில நாள்களில் தானாகவே தணிந்துவிடுவதும் ஆகும். ஓரிரு இரவுகள் விட்டுவிட்டு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், குறைந்த நேரம் அணியுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சத்துக்கான பற்பசையை அதே ட்ரேயில் இட்டு, ஜெல் போடும் முன் பத்து நிமிடம் அணிந்தால் பலருக்கும் ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் வலி ஒரே பல்லில் மட்டும் நின்று, இரவில் தூக்கத்தைக் கெடுத்து, விண் விண் என்று தெறித்தால் அது ஜெல்லின் வேலை அல்ல. கண்ணில் படாத சொத்தையோ விரிசலோ இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

மேல் முன்பற்களில் ஒன்றுக்கு கேப் போட்டிருக்கிறேன். அதுவும் சேர்ந்து வெளுக்குமா?
– வாசகி, சேலம்

வெளுக்காது. பீங்கான் கேப்பும் பல் நிற அடைப்புகளும் போட்ட நிறத்திலேயே நிற்க, சுற்றியுள்ள பற்கள் மட்டும் மாறிவிடும். முதலில் பற்களை வெளுத்து, இரண்டு வாரம் கழித்து அந்த நிறத்துக்குப் பொருத்தமாகப் புதிய கேப் அல்லது அடைப்பு செய்துகொள்வதே சரியான வரிசை. பல்லில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன், அடைப்பு ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதால்தான் இந்த இரண்டு வார இடைவெளி.

எங்கள் ஊரில் பலருக்கும் சிறு வயது முதலே பற்களில் பழுப்புத் திட்டு உண்டு. எனக்கும் என் பன்னிரண்டு வயது மகனுக்கும் இருக்கிறது. இந்தச் சிகிச்சையால் போகுமா?
– வாசகர், தருமபுரி

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கே அது முக்கியக் காரணம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அதைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்ததால் எனாமலே குறையோடு உருவாகியிருக்கிறது.

திட்டுகள் லேசாக இருந்து, பல்லின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தால், பெராக்சைடு பழுப்பை ஓரளவு குறைக்கும். ஆனால் வெண்புள்ளிகளை அது நீக்காது. முதல் சில நாள்களில் அவை இன்னும் எடுப்பாகத் தெரிந்து உங்களைத் திகைக்க வைக்கும். பிறகு சுற்றியுள்ள பகுதியும் வெளுத்து வேறுபாடு மங்கும். மேற்பரப்பில் மட்டும் உள்ள கறையை, அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் மருத்துவர் மிக மெல்லியதாக உரசி நீக்குவதுண்டு. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யும்போது பலன் கூடுகிறது. பல்லில் குழிகள் விழுந்திருந்தால் இவை எதுவும் போதாது, பல் நிறப் பொருளால் மூடத்தான் வேண்டும். மகனுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு உள்ள இத்தகைய பொருள்களை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே விதி இருக்கிறது. வீட்டில் குடிக்கும் தண்ணீரைப் பரிசோதிப்பதுதான் முதல் வேலை.

கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் ஒன்று கறுத்துவிட்டது. ட்ரே போட்டால் சரியாகுமா?
– வாசகர், திருநெல்வேலி

பற்கூழ் இறந்து, அதன் ரத்தச் சிதைவு உள்ளிருந்து கறுப்பாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்-ரே எடுத்து, தேவையானால் வேர் சிகிச்சை முடித்து, வேரை நன்றாக அடைத்து மூடிய பின், பல்லின் உட்குழியில் மருந்தை வைத்துச் சில நாளுக்கொரு முறை மாற்றி உள்ளிருந்தே வெளுக்க வேண்டும். செறிவு மிகுந்த ஹைட்ரஜன் பெராக்சைடை உள்ளே வைத்துச் சூடேற்றும் பழைய முறையை யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள்; பின்னாளில் பல்லின் கழுத்துப் பகுதியில் வேர் அரித்துப் பல்லையே இழக்க நேர்ந்ததுண்டு.

மருந்துக்கடை பெராக்சைடையே வாயில் வைத்துக் கொப்பளித்தால் என்ன? புற்றுநோய் வரும் என்றும் சொல்கிறார்களே? இங்கே பியூட்டி பார்லர்களிலும் பல் வெளுக்கிறார்கள்.
– வாசகி, லண்டன்

புண் கழுவும் திரவம் பல்லில் ஒட்டி நிற்காது. ஈறையும் நாக்கையும் புண்ணாக்கிவிட்டு வயிற்றுக்குள் போகும். எலுமிச்சையும் கரித்தூளும் இதைவிட மோசம்: ஒன்று எனாமலைக் கரைக்கும், மற்றது தேய்க்கும். புற்றுநோயைப் பொறுத்தவரை, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஹைட்ரஜன் பெராக்சைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த முடியாத மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரப் பயன்பாட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எனினும் கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போடுவதே நல்லது.

பார்லர் விஷயத்தில் உங்கள் ஊர்ச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பல் வெளுப்பது பல் மருத்துவத் தொழிலே என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை செறிவுள்ள பெராக்சைடை அங்கே பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம். முதல் முறை அவரோ அவரது மேற்பார்வையிலோதான் பூச வேண்டும். நாற்காலியில் உட்காரும் முன் பல் மருத்துவ கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தரவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.